நோர்மாவுக்குச் சொல்லப்படாத கதை



நூறு வருடங்களுக்கு முன்பு பிரான்ஸ் நாட்டில் எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். அது பேச்சு இல்லாத படம். ‘லா ரூ’ என்பது அதன் பெயர். தமிழில் ‘சக்கரம்’ என்று சொல்லலாம். ஏபல் கான்ஸ் என்பவர் எழுதி இயக்கிய இந்தப் படம் 1922 டிசம்பரில் பாரிசில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 1923இல் பொதுமக்களிடம் வந்தது. ‘இதற்கும் எங்களுக்கும் என்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ரயில் விபத்தொன்றில் பெற்றவர்களை இழந்த ஒரு சின்னப் பெண்ணின் கதை அது. அவளை எடுத்து வளர்த்த வீட்டின் கதையும்தான். எமது கிராமங்களில் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை!

பாரிசில் இருக்கும் என்னுடைய மச்சாள் ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது இந்த இறுவட்டைக் கொண்டு வந்தாள். முதலில் எடுத்த படம் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் ஓடியதாம். மூன்று தவணையாகப் பிரித்துக் காட்டினார்களாம். பிறகு அதை வெட்டி வெட்டி இரண்டரை மணித்தியாலத்துக்குக் கொண்டு வந்தார்கள். வெட்டிய துண்டுகளைப் பல நாட்டுக் காப்பகங்களிலும் தேடிச் சேர்த்து, 2019இல் ஏழு மணித்தியாலமளவுக்கு மீட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது நாலரை மணித்தியாலம் ஓடும் ஒரு பிரதி. நானும் மகளும் நாலு இரவுகளில் பார்த்து முடித்தோம். இடையிடையே வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் உயர்தரம் படிக்கிறவள். வாசித்து வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். பேசாத படத்துக்கு அவளே குரலாகிவிட்டாள்.

‘மகள்’ என்று எழுதுகிறேன். அவள் என் அக்காவின் பிள்ளை. அக்கா 2009 ஏப்ரலில் இறந்தபோது பிள்ளைக்கு ஒன்றரை வயது. அக்காவின் கணவர் அதற்கு முன்பே இல்லை. முகாமுக்குள் நானும் என் அம்மாவும்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். இதை இங்கே சொல்லாமல் மிச்சத்தை எழுத முடியாது.

படம் ஒரு ரயில் விபத்தோடு தொடங்குகிறது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. புகை. ஓடுகிற மனிதர்கள். சிசிப் என்ற எஞ்சின் சாரதி அந்த இடிபாட்டுக்குள் இருந்து ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி எடுக்கிறான். நோர்மா என்பது அவள் பெயர். அவளுக்கென்று யாரும் இல்லை. அவனுக்கும் தாயில்லாத ஒரு மகன் இருக்கிறான். ஏலி என்று பெயர். இரண்டு பிள்ளைகளையும் அண்ணன் தங்கையாகவே வளர்க்கிறான். பிள்ளைகளும் அப்படியே நம்புகிறார்கள். ஊரும் அப்படியே நம்புகிறது.

அவர்களுடைய வீட்டைச் சொல்ல வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவிலே ஒரு வீடு! நீஸ் நகரத்து ரயில் முற்றத்தில், உண்மையான ரயில்கள் போய்வரும் பாதைகளுக்கு இடையில், படத்துக்காகவே அந்த வீட்டைக் கட்டினார்களாம். யன்னலைத் திறந்தால் எஞ்சின். கதவைத் திறந்தால் எஞ்சின். எல்லாவற்றிலும் கரி படிந்திருக்கிறது. அந்தக் கரிக்குள்ளும் நோர்மா என்ற பிள்ளை சிரித்துக்கொண்டு திரிகிறாள். ஆட்டுக்குட்டியோடு விளையாடுகிறாள். ஊஞ்சல் ஆடுகிறாள். ஐவி குளோஸ் என்ற ஆங்கிலேய நடிகைதான் நோர்மாவாக நடித்தவர். அவருடைய முகத்தைப் பார்த்தால் எழுத்து அட்டையே தேவையில்லை.

என் மகள் அந்த ரயில்களை வாய் பிளந்து பார்த்தாள். கிளிநொச்சிக்கு வடக்கத்தைய ரயில் மீண்டும் வந்தது 2013 செப்டெம்பரில். அப்போது அவளுக்கு ஆறு வயதாகவில்லை. அதற்கு முன்பு 1990இல் நின்ற ரயில். இடைப்பட்ட இருபத்துமூன்று வருடத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன. எங்கள் அம்மா கோச்சி என்பாள். அந்தச் சொல்லே பிள்ளைகளுக்கு விளங்காமல் போயிருந்தது. யாழ்ப்பாணம் வரைக்கும் 2014 ஒக்டோபரில் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியின் ஆட்டத்தில் பயந்து என் மடியை விட்டு இறங்கவில்லை. இப்போது பதினேழு வயதுப் பெண்ணாக இருந்து, “இந்தச் சாரதி நல்லவனா கெட்டவனா சின்னம்மா?” என்று கேட்கிறாள்.

நல்ல கேள்வி. சிசிப் கெட்டவன் இல்லை. ஆனால், வளர்த்த பெண் பெரியவளானதும் அவனுடைய மனம் கோணலாகிறது. அவளைத் தகப்பனாகப் பார்க்க அவனால் முடியவில்லை. அது பிழை என்று அவனுக்கே தெரியும். குடிக்கிறான், சண்டை பிடிக்கிறான், தன்னையே வெறுக்கிறான். செவெரான் மார்ஸ் என்ற நடிகர் அந்த வேதனையைப் பிரமாதமாக நடித்திருக்கிறார். இயக்குநரும் எங்களை அவன் பக்கமே இரங்கச் சொல்கிறார். எனக்கு அந்த இரக்கம் முழுதாக வரவில்லை. ஒரே கூரையின் கீழ், தான் தகப்பன் என்று நம்பும் மனிதன் ஏன் முகத்தைத் திருப்புகிறான், ஏன் எரிந்து விழுகிறான் என்று தெரியாமல் வாழ்கிற அந்தப் பெண்ணின் நிலை என்ன? படத்துக்கு ‘சக்கரம்’ என்று பெயர் வைத்தது சிசிப்பின் துன்பத்துக்காக. அந்தச் சக்கரத்தின் கீழ் கிடப்பவள் அவள்.

இரகசியம் அவனிடம் மட்டும் இருந்தவரைக்கும் அது ஒரு பாரம். அவன் அதை ஒருநாள் எர்சான் என்ற ரயில்வே உத்தியோகத்தனிடம் சொல்லிவிடுகிறான். அன்றிலிருந்து அது எர்சானின் கையில் கயிறு. நோர்மாவை எனக்குக் கட்டிக்கொடு, இல்லாவிட்டால் ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்கிறான். சிசிப் தயங்கித் தயங்கிக் கடைசியில் சம்மதிக்கிறான். நோர்மாவுக்கு அந்த மனிதனில் விருப்பமில்லை. வயதிலும் மூத்தவன். ஆனாலும் போகிறாள்.

இந்த இடத்தில் நான் இறுவட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். கடைசி யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தோம்! பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் செய்தார்கள். பதினாறு, பதினேழு வயதில் கழுத்தை நீட்டிய அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் யார் கேட்டார்கள்? கேட்க நேரமில்லை என்பது ஒரு பதில். நோர்மாவின் வீட்டில் குண்டு விழவில்லை, நேரம் இருந்தது. அங்கேயும் அவளிடம் உண்மை சொல்லி யாரும் கேட்கவில்லை. பேரம் பேசிய இரண்டு ஆண்களுக்கும் அவள் யார் என்று தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

கலியாணத்துக்காக அவளைப் பாரிசுக்குக் கொண்டு போகும் ரயிலைச் சிசிப்பே ஓட்டுகிறான். ஓட்டும்போது அவனுக்கு ஒரு வெறி வருகிறது. எல்லோருமாகச் செத்துப்போவோம் என்று வேகத்தைக் கூட்டுகிறான். இந்தக் காட்சி உலகத் திரைப்பட வரலாற்றில் பேர்பெற்றது. சக்கரம், தண்டவாளம், நீராவி, அவன் முகம், பெட்டிக்குள் நோர்மாவின் முகம் என்று மாறி மாறி வரும் காட்சித் துண்டுகள் வரவரக் குறுகிக்கொண்டே போகின்றன. ரயிலின் வேகம் எங்கள் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. ஜப்பானின் பெரிய இயக்குநர் அகிரா குரோசாவா சிறு வயதில் தன் மனதைத் தொட்ட படங்களில் இதை முக்கியமாகச் சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளர் ஆர்தர் ஒனேகர் இந்தப் படத்துக்கு இசை செய்தார். பிறகு 1923இல் ‘பசுபிக் 231’ என்று ஒரு ரயில் எஞ்சினின் பெயரிலேயே தனி இசை ஒன்றையும் எழுதினார். கடைசி நேரத்தில் விபத்து தவிர்க்கப்படுகிறது. பெட்டிக்குள் இருந்த நோர்மா, தான் எந்தக் கோபத்துக்காகச் சாக இருந்தாள் என்று தெரியாமலே இறங்கிப் போகிறாள்.

பிறகு ஏலிக்கு உண்மை தெரிய வருகிறது. நோர்மா தன் தங்கையில்லை. சொல்லியிருந்தால் நானே அவளை மணந்திருப்பேனே என்று தகப்பனைக் கேட்கிறான். அந்தக் கேள்விக்குச் சிசிப்பிடம் பதில் இல்லை.

“ஏன் சின்னம்மா இவ்வளவு வருசமும் அந்தாள் ஒண்டும் சொல்லேல்லை?” என்று மகள் கேட்டாள்.

அவளுக்கு இது விளங்காதுதான். நாங்கள் அவளுக்கு எதையும் மறைத்ததில்லை. முகாமில் இருந்து திரும்பி வந்த நாட்களில் சொந்தக்காரர் பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். “அம்மா எண்டு கூப்பிடப் பழக்கு. விபரம் தெரியாத வயசு, எல்லாம் மறந்திடும். தெரிஞ்சால் பிள்ளை உடைஞ்சு போயிடும்” என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். என் அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “பெத்தவளின்ர பேரைப் பிள்ளையிட்ட இருந்து களவெடுக்கக் கூடாது” என்றாள். அக்காவின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அடையாள அட்டைப் படம். அதைப் பெரிதாக்கிச் சுவரில் கொழுவினோம். பிள்ளை பேசத் தொடங்கியதே அந்தப் படத்தைக் காட்டி ‘அம்மா’ என்றுதான். என்னைச் சின்னம்மா என்றாள். காய்ச்சல் வந்தால் மட்டும் ‘சின்ன’ என்பதை விட்டுவிடுவாள். நானும் திருத்த மாட்டேன்.

எங்களுடைய பழைய வழக்கத்திலும் இதை ஒளித்துச் செய்யவில்லை. தேசவழமைப்படி பிள்ளையொன்றை மகவேற்பவர்கள் உறவினர் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடிப்பார்கள். அந்தத் தண்ணீரில் உரித்துக்காரர் விரல் தோய்த்துத் தங்கள் சம்மதத்தைக் காட்டுவார்கள். சொத்துக்காக ஏற்படுத்திய சடங்கு என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் ஊர் முழுவதும் அறியும், பிள்ளையும் அறியும். இப்போது நாட்டில் உள்ளது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம். அதன்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளையின் சம்மதம் வேண்டுமென்றால் பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வேறுவிதமாக நடந்தது. 2009இல் தெருவில் தனியாக நின்ற ஒரு குழந்தையைத் தூக்கி வந்து கண்ணைப் போல வளர்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தெருவும் அந்த நாளும்தான். அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நாளை யார்தான் திரும்பச் சொல்ல விரும்புவார்கள்? பிள்ளைக்குப் பதினாலு வயதில் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் நடந்த சண்டையில், யாரோ ஒரு மனுசி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பிள்ளை ஒரு கிழமை யாரோடும் கதைக்கவில்லை. பிறகு அவள் வளர்த்த தாயிடம் கேட்டது இதுதானாம்: “எல்லாருக்கும் தெரியுமா? எனக்கு மட்டும்தான் தெரியாதா?” அநாதை என்பதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஊரே அறிந்ததைத் தான் மட்டும் அறியாமல் நடமாடியிருக்கிறேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எர்சான் போல ஒருவனின் கையில் அது அகப்படாமல் போனது அவளுடைய நல்ல காலம்.

படம் எடுத்த காலத்துப் பிரான்சும் யுத்தத்தில் இருந்து அப்போதுதான் எழும்பிய நாடு. 1914 முதல் 1918 வரை நடந்த அந்த யுத்தத்தில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் மட்டும் 13 இலட்சத்துக்கு மேல் இறந்தார்கள். தகப்பனில்லாத பிள்ளைகள் இலட்சக்கணக்கில். அவர்களுக்காக 1917இல் ஒரு சட்டம் கொண்டு வந்து, ‘நாட்டின் பிள்ளைகள்’ என்று அரசே பொறுப்பெடுத்தது. ஆனால் ஒரு குடும்பம் ஒரு குழந்தையைச் சட்டப்படி மகவேற்க வழி இருக்கவில்லை. 1804ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின்படி வயது வந்தவர்களைத்தான் மகவேற்கலாம். அது சொத்துக்கு வாரிசு தேடுகிறவர்களுக்கான ஏற்பாடு. ‘சக்கரம்’ வெளிவந்த அதே 1923இல், ஜூன் மாதத்தில்தான், சிறு பிள்ளைகளையும் மகவேற்கலாம் என்று சட்டம் மாறியது. யுத்தத்தின் அநாதைப் பிள்ளைகள்தான் அந்த மாற்றத்துக்கு முக்கிய காரணம். ஆகவே, விபத்து நடந்த அன்று சிசிப் நேர்மையாக நடக்க நினைத்திருந்தாலும் கந்தோரில் அவனுக்கு ஒரு கடதாசி கிடைத்திராது. இதை அறிந்த பிறகு அவன்மீது எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். கடதாசி இல்லாவிட்டாலும் வாய் இருந்தது.

படத்தின் இரண்டாம் பாதி வேறு உலகம். முதற் பாதி முழுவதும் கரி, இரண்டாம் பாதி முழுவதும் பனி. நீராவி அடித்துச் சிசிப்பின் கண்கள் பழுதாகின்றன. தன் எஞ்சினுக்கு அவன் நோர்மா என்றே பெயர் வைத்திருந்தான். அதையும் கொண்டுபோய் மோதி உடைக்கிறான். பெரிய ரயில் ஓட்ட முடியாதவனை மொன்ட் பிளாங்க் மலையில் ஏறி இறங்கும் சின்ன ரயிலுக்கு மாற்றுகிறார்கள். மகன் ஏலியும் கூடப் போகிறான்.

கதை மலைக்குப் போனதற்குப் பின்னால் இன்னொரு துயரம் உண்டு. இயக்குநரின் வாழ்க்கைத் துணையாக இருந்த இடா டனிஸ் என்ற பெண்ணுக்குச் சயரோகம். அவளுக்கு மலைக்காற்று வேண்டும் என்றார்கள். அதற்காகப் படப்பிடிப்பையே மலைக்குக் கொண்டுபோனார் கான்ஸ். ஆனாலும் 1921 ஏப்ரலில் அவள் இறந்துவிட்டாள். சிசிப்பாக நடித்த செவெரான் மார்ஸும் அதே ஆண்டில், படம் திரைக்கு வருமுன்னரே, காலமாகிவிட்டார். அந்தப் பனிக் காட்சிகளைப் பார்க்கும்போது கமராவுக்கு இந்தப் பக்கம் ஒரு நோயாளிப் பெண் போர்வைக்குள் இருந்திருப்பாள் என்ற நினைவு எனக்கு வந்துகொண்டே இருந்தது.

நோர்மாவும் கணவனும் விடுமுறைக்கு அதே மலைப்பக்கம் வருகிறார்கள். ஏலியும் எர்சானும் மோதிக்கொள்கிறார்கள். இருவரும் இறக்கிறார்கள். ஏலி மலைவிளிம்பில் தொங்கும்போது அவன் கண்ணுக்குள் நோர்மாவின் பழைய முகங்கள் மின்னல் மாதிரி வந்து போகின்றன. பிறகு கை நழுவுகிறது.

மகனைப் பறிகொடுத்த சிசிப் யாரைக் குற்றம் சொல்கிறான்? தன்னை இல்லை. பேரம் பேசிய எர்சானையும் இல்லை. நோர்மாவைத்தான்! உன்னால்தான் என் பிள்ளை செத்தான் என்று அவளைத் துரத்திவிடுகிறான். ஒரே நாளில் புருசனையும், கூட வளர்ந்தவனையும், தகப்பன் வீட்டையும் இழந்து அவள் பனிக்குள் நடந்து போகிறாள்.

சகோதரிகளே, இந்தக் காட்சியை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புருசன் செத்தால் பெண்சாதியின் கால் சரியில்லை என்பார்கள். மகன் காணாமற்போனால் மருமகள் வந்த நேரம் என்பார்கள். செத்தவீட்டில் அழுகிறவளையே பார்த்துச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி ஷெல்லில் மாமியாரையும் புருசனையும் பறிகொடுத்துவிட்டு, உயிரோடு வந்ததற்காகவே புருசனின் தமையன் வீட்டாரிடம் பேச்சு வாங்கினாள். நோர்மாவின் முகத்தில் இருந்ததை நான் அவளுடைய முகத்தில் பார்த்திருக்கிறேன். கோபமில்லை, அழுகையுமில்லை. ஏதோ தன்னிடம் கேட்டதைத் தான் சரியாகக் கேட்கவில்லையோ என்ற மாதிரி ஒரு பார்வை.

ஒரு வருடம் கழிகிறது. சிசிப்புக்குக் கண் முற்றாகப் போய்விட்டது. ஏலி விழுந்த இடத்துக்கு, பனியில் தடுமாறித் தடுமாறி ஒரு சிலுவையைச் சுமந்துகொண்டு போகிறான். நோர்மா தூரத்தில் பின்னால் போகிறாள். அவளிடம் இப்போது எதுவும் இல்லை. வறுமை. போக்கிடமும் இல்லை. அவனுடைய குடிசைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து இருந்துகொள்கிறாள். குருடனுக்குத் தெரியாது. பிறகு மெல்ல மெல்ல உணர்கிறான், ஏற்றுக்கொள்கிறான். அதன் பிறகு அந்தக் குடிசை வெளிச்சமாகிறது. அழகான காட்சிகள்தான். ஆனாலும் அவன் முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. மகளுக்கு அப்படிப் படவில்லை. “அவளுக்கு இருக்க ஒரு இடம் வேணும் சின்னம்மா, மன்னிப்பு இல்லை” என்றாள். இரண்டு நாளாக இதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம்.

நோர்மாவைப் பெற்றவள் எப்படி இருந்தாள், எங்கே போகப் புறப்பட்டு அந்த ரயிலில் ஏறினாள் என்று நாங்கள் பார்த்த பிரதியில் யாரும் நோர்மாவுக்குச் சொல்வதாக ஒரு காட்சி என் நினைவில் இல்லை. அந்த வீட்டுச் சுவரில் அப்படி ஒரு படமும் இல்லை. படத்தின் முதல் நிமிடங்களில் இறந்தவர்களை இயக்குநர் அங்கேயே விட்டுவிட்டார்.

முடிவைச் சொல்கிறேன். மலைக் கிராமத்துச் சனங்கள் கையைக் கோத்து வட்டமாகப் பனியில் ஆடுகிறார்கள். நோர்மாவையும் கூப்பிடுகிறார்கள். அவள் கிழவனைத் தனியே விட்டுப் போகத் தயங்குகிறாள், பிறகு போகிறாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு. உள்ளே யன்னலோரத்தில் சிசிப் இருக்கிறான். ஆட்டம் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. அவனுடைய தலை மெல்லச் சாய்கிறது. வெளியில் ஆடுகிறவளுக்கு அது தெரியாது.

திரை இருண்டது. மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதையும் அவளுக்குக் கடைசியாத்தான் சொல்லப் போகினம்” என்றாள்.